பெதஸ்தா என்னும் சொல்



மருத்துவமனைக்குப் பெதஸ்தா என்று பெயரிடுவது நம் சபைகளில் பழைய வழக்கம். யோவான் 5-ஆம் அதிகாரம் அதை எபிரெய பாஷைப் பெயர் என்கிறது. அந்நாளில் யூத ஜனங்கள் பேசிவந்த அரமாயிக் மொழியையும் அப்படிச் சொல்வதுண்டு. 'பேத்' என்றால் வீடு. பெத்லகேமில் இருப்பதும் அதுவே. 'ஹெஸ்தா' என்றால் இரக்கம். 'இரக்கத்தின் வீடு' என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் பெயர் 'பெத்சதா' என்றிருந்தாலும், சீரிய வேதாகமம் 'பேத் ஹெஸ்தா' என்றே எழுதுகிறது.

ஆனால் அரமாயிக்கின் ஒரு கிளையான சீரிய மொழியில், அதே ஹெஸ்தாவுக்கு நிந்தை, வெட்கம் என்றும் பொருளுண்டு. எபிரெயத்திலும் அப்படியே. கிருபையைக் குறிக்கும் 'ஹெசெத்' என்ற சொல்தான் நீதிமொழிகள் 14:34-இல் இகழ்ச்சி என்று வருகிறது. இரண்டு பொருளும் அந்தக் குளக்கரைக்குப் பொருந்துகிறதே! ஐந்து மண்டபங்களிலும் குருடர், சப்பாணிகள். 38 வருஷம் வியாதியாயிருந்தவனிடம் ஆண்டவர், சொஸ்தமாக விரும்புகிறாயா என்று கேட்கிறார். அவனோ வியாதியைப் பற்றிப் பேசவில்லை. தன்னைத் தண்ணீரில் இறக்கிவிட ஆளில்லை என்கிறான்.

தொழுநோயாலும் காசநோயாலும் உறவினர் ஒதுக்கிவிட்டவர்கள், துணைக்கு ஒருவருமின்றித் தனியே வந்து வார்டில் படுக்கிறார்கள். மாத்திரை கொடுக்க நர்ஸ் இருக்கிறார். சாப்பாடு ஊட்டவும், கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துப் போகவும் ஆள் வேண்டும். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்குகிறோம்.