மலையடிவாரத்தில் கூடுவோம்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து தொழிலின் பொருட்டுத் திருப்பூருக்கு வந்து வாழும் நம் குடும்பங்களின் மாநாட்டை எங்கே நடத்துவது என்னும் கேள்வி இப்போது எழுந்துள்ளது. பனியன் ஆலைகளின் இரைச்சலில் ஆண்டெல்லாம் உழைப்போர், மலையும் நீரும் சூழ்ந்த இடத்தை விரும்புவது இயல்பே. மலைமேல் கூடுவோம் என்று சிலர் கூறுகின்றனர். அவ்விருப்பத்தை மதித்தே என் கருத்தைச் சொல்ல விழைகிறேன்.

நம் முனிவர்கள் மலைகளில் உறைந்தனர் என்பது உண்மை. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டம், பாறையில் வெட்டிய படிகளால் அப்பெயர் பெற்றது. அங்கே 17 கற்படுக்கைகள் உள்ளன. எவரும் எளிதில் அணுக இயலாமை தவத்திற்குப் பொருந்தும். சங்கம் கூடும் இடத்திற்கோ சமவசரணமே இலக்கணம்.

வாமன முனிவரின் மேருமந்தர புராணத்தில் சமவசரணச் சருக்கம் என்றே ஒரு பகுதி உண்டு. சமவசரணத்தின் 12 கோட்டங்களில் முனிவர், ஆரியாங்கனையர், மானிடர், தேவர், விலங்குகள் என அனைவர்க்கும் இடமுண்டு. அதற்கு 20,000 படிகள் என்று நூல்கள் கூறும். ஆயினும் சிறுவரும் முதியவரும் ஓர் அந்தர்முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிடங்களுக்குள், ஏறிவிடுவர் என்பது மரபு. பெருமானின் மகிமையால் அங்கே படிகள் தடையாகவில்லை. அந்த மகிமை நம்மிடம் இல்லை. ஆகவே நாம் சாய்தளம் அமைக்க வேண்டும்.

உடுமலைப்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருமூர்த்திமலையை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள அமணலிங்கேசுவரர் திருக்கோயிலின் பெயரில் அமணர் என்னும் பழஞ்சொல் எஞ்சி நிற்பதாகக் கருதுவோர் உளர். பஞ்சலிங்க அருவிக்கு மலையேற வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளமும் வரும். அடிவாரத்திலோ அணையின் நீர்ப்பரப்பும் மலைத்தொடரும் கண்முன் விரிகின்றன. மலையின் அழகைக் காண மலைமேல் ஏற வேண்டியதில்லை. அப்பகுதியில் தரைத்தளத்திலேயே கூடம் அமைந்த ஓரிடத்தைத் தேடுவோம்.

தேடும்போது சிலவற்றை அளந்தே பார்க்க வேண்டும். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். சக்கர நாற்காலி நுழைய வாயில் 900 மில்லிமீட்டர் அகலம் இருத்தல் நன்று. கழிவறையில் கைப்பிடி உண்டா, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கூடம் எவ்வளவு தொலைவு, ஒலிபெருக்கியின் ஓசை எதிரொலிக்காமல் கேட்கிறதா என்றும் நோக்குக. 'வசதி உண்டு' என்னும் தொலைபேசி விடையை நம்பாமல், சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரையே அழைத்துச் சென்று காண்பது சிறந்தது. மேடைக்கும் சாய்தளம் வேண்டும். மூத்தோர் ஒருவருக்குப் படிக்குக் கீழே பொன்னாடை போர்த்திவிட்டு, அவர் பெயரை மட்டும் மேடையில் முழங்குவது மரியாதை ஆகாது.

நம் நோன்பையும் மறவற்க. மலைநிழலில் இருள் விரைந்து சூழும். கதிரவன் மறையுமுன் அனைவரும் உண்டு முடிக்குமாறு சமையற்கூடம் அருகில் இருக்க வேண்டும். ஓடையின் நீரை வடிகட்டிக் காய்ச்சியே பருக வேண்டும். சிற்றுயிர் மலியும் மழைக்காலத்தைத் தவிர்ப்போம். அழகை நாடிச் சென்று குப்பையை விட்டு வருவதும் இம்சையே.

'நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்' என்று மூத்தோர் கூறும்போது, அதனை அவர்தம் விருப்பம் என்று நாம் எளிதில் ஏற்றுக்கொள்கிறோம். படிகளை எண்ணியே பலர் அவ்வாறு கூறுகின்றனர். அவர்கள் வாராத அவையில் நம் கோயில்களின் வரலாற்றையும் துதிப்பாடல்களின் பண்ணையும் இளையோர் யாரிடம் கேட்டு அறிவர்? ஆதலின் ஏற இயலாதவரை முதலில் எண்ணி இடத்தைத் தேர்வோம். ஏற வல்லவர்க்கு அவ்விடம் தானே எளிதாகும்.

அறம் வளர்க, அருகன் நெறி ஓங்குக.