மருந்தும் அளவும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமே. யாம் வைத்தியர் அல்லோம். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங் கழிக்கின்றோம். ஆயினும், சென்ற ஆண்டில் எம் கையால் நேரவிருந்த ஒரு பிழையே இப்பொருளை எமக்குக் கற்பித்தது. அதனை மறையாது கூறிவிட்டு மேலே செல்வோம்.

எம் தமக்கையாருக்கு மார்பில் அடிக்கடி வலி தோன்றிற்று. இருதயத்தின் குழாய்களைச் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தல் வேண்டும் என்றார் வைத்தியர். ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தை எம்மிடம் நீட்டினர். அதில் 'எடை' என்றிருந்த இடத்தில் யாம் சற்றும் தயங்காது 58 கிலோ என்று எழுதினோம். சில ஆண்டுகளுக்கு முன் அவர் அவ்வளவு இருந்தார். அங்கிருந்த பணிப்பெண் படிவத்தையும் தமக்கையாரையும் மாறிமாறிப் பார்த்தார். பின்னர் அவரைத் தராசின்மேல் ஏற்றினார். முள் 42-இல் நின்றது. "ஐயா, இந்த எடையை வைத்துத்தான் மருந்துக்குக் கணக்குப் பார்க்கிறோம். பதினாறு கிலோவைக் கூட்டி எழுதிவிட்டீர்களே!" என்றார் அவர். பிழையாகக் கணக்கிட்டு வந்த மாணவனைப்போல் யாம் தலைகுனிந்து நின்றோம்.

அம்மருந்து யாது? அதற்கு எடை எற்றுக்கு? இவ்வினாக்களே இன்றைய பேச்சின் கரு.

1895-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து ரான்ட்ஜன் என்பார் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அக்கதிர் எலும்பை நன்கு காட்டும். ஆனால் இரத்தத்தையும் அதனைச் சூழ்ந்த தசையையும் ஏறக்குறைய ஒரே நிறமாகவே காட்டும். ஆதலின் இரத்தக் குழாயின் உள்ளே அடைப்புண்டா என்பது அதில் விளங்காது. இக்குறையை நீக்க உதவியது அயோடின் என்னும் பொருள். 1923-இல் அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தார் ஓர் உண்மையைக் கண்டனர்: அயோடின் கலந்த உப்பை மருந்தாக உட்கொண்ட நோயாளிகளின் சிறுநீர் எக்ஸ் கதிர்ப் படத்தில் வெண்மையாகத் தோன்றிற்று. அயோடின் கதிரைத் தடுத்து நிறுத்துகின்றது என்பதே காரணம். அதன் வழிவந்தனவே இன்று நாம் சாய மருந்து என்று வழங்குபவை. 1971-இல் இலண்டன் மாநகரில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்பாரது சி.டி. இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. அவர் பெயராலேயே படத்தின் வெண்மையை அளக்கின்றனர். அவ்வளவையில் காற்றுக்கு −1000, நீருக்கு 0, சாயமில்லா இரத்தத்திற்கு ஏறக்குறைய 40. இருதயத்தைப் போர்த்துள்ள குழாய்களோ சில மில்லிமீட்டரே அகலமுடையன, துடிக்குந்தோறும் அசைவன. அவை தெளிவாகத் தோன்ற வேண்டின் அவ்விரத்தத்தின் வெண்மை 300 அளவிற்கேனும் உயர்தல் வேண்டும் என்பர்.

சாய மருந்தைக் கையிலுள்ள நரம்பில் ஊசி வழியாக விசையுடன் செலுத்துகின்றனர். அதன் பின்னே உப்புநீரையும் அனுப்பி முன்தள்ளுகின்றனர். மருந்து இருதயத்தின் வலப்பால் புகுந்து, நுரையீரல் சென்று, இடப்பால் மீண்டு, பின்னரே அக்குழாய்களை அடையும். அங்கு அது செறிந்து நிற்பது சில விநாடிகளே. அவ்விநாடிகளில் படம் எடுத்துவிடல் வேண்டும். எனவே, எவ்வளவு மருந்து என்பதோடு, விநாடிக்கு எவ்வளவு என்பதும் கருதத்தக்கது. மில்லிலிட்டருக்கு 370 மில்லிகிராம் அயோடின் உள்ள மருந்தை விநாடிக்கு 5 மில்லிலிட்டராகச் செலுத்தின், விநாடிதோறும் 1850 மில்லிகிராம் அயோடின் உட்செல்லும்.

இனி, எல்லார்க்கும் ஒரே அளவாகக் கொடுத்தால் என்னாம்? அவ்வாறு கொடுக்கும் வழக்கமும் உண்டு. அஃது ஊரார் அனைவர்க்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது போலும். கணக்கிட்டுப் பார்ப்போம். மேற்கூறிய மருந்தில் 60 மில்லிலிட்டரை யாவர்க்கும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதிலுள்ள அயோடின் 22 கிராமுக்குச் சற்று மேல். 42 கிலோ எடையுள்ள எம் தமக்கையாருக்கு அது கிலோவுக்கு ஏறக்குறைய 529 மில்லிகிராம் ஆகும். 90 கிலோ எடையுள்ள ஆடவர்க்கோ ஏறக்குறைய 247 மில்லிகிராமே ஆகும். ஒருவர்க்கு இருமடங்குக்கு மேல்; மற்றவர்க்குப் பாதியினும் குறைவு. பேருடலில் இரத்தமும் மிகுதி, அதனுள் மருந்து நீர்த்துவிடும், படம் மங்கும், ஐயம் தீராமல் மீண்டும் ஒருமுறை கதிரும் மருந்தும் ஏற்க நேரும். சிற்றுடலிலோ மருந்து வீணே மிகும். மிக்க வெண்மை குழாய்ச் சுவரிலுள்ள சுண்ணப் படிவையும் மறைத்துவிடக்கூடும். அவ்வளவையும் வடித்து வெளியேற்றும் பாரம் சிறுநீரகத்தைச் சாரும்.

கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்று எடைக்கேற்ப அளந்தால், தமக்கையாருக்கு 34 மில்லிலிட்டர் போதும். அவ்வாடவர்க்கு 73 மில்லிலிட்டர் வேண்டும். யாம் எழுதிய 58 கிலோவை நம்பியிருந்தாலோ 47 மில்லிலிட்டர் சென்றிருக்கும். எம் பேனாவின் பிழை எத்துணைப் பெரிது கண்டீர்களா!

எடை ஒன்றே போதுமோ எனின், போதாது. கொழுப்பில் இரத்தவோட்டம் குறைவாதலின், பருமனால் எடை மிக்காரை எடை கொண்டு மட்டும் அளந்தால் மருந்து மிகுந்துவிடும். அதனால் உயரத்தையும் சேர்த்துக் கருதுவாருமுளர். இருதயத்தின் வலிமையும் ஒரு காரணம். தளர்ந்த இருதயத்தில் மருந்து தாமதித்து வரும். ஆனால் செறிந்து நிற்கும். விரைந்து இறைக்கும் இருதயத்தில் முந்தி வரும், நீர்த்துப் பரவும். ஆகவே, பானைச் சோற்றுக்கு ஒரு பருக்கையைப் பதம் பார்ப்பது போல, முன்னர்ச் சிறிதளவு மருந்தை அனுப்பி அது வந்து சேரும் நேரத்தை அளக்கின்றனர். அன்றேல், பெருங்குழாயில் வெண்மை ஏறுவதைப் பார்த்திருந்து, குறித்த அளவைத் தொட்டவுடன் படம் எடுக்கின்றனர்.

இயந்திரத்தின் மின்னழுத்தம் பிறிதொரு காரணம். அழுத்தம் குறையுந்தோறும் அயோடின் கதிரை மிகுதியாகத் தடுக்கும்; ஆகவே சிறிதளவு மருந்தே போதும். நெதர்லாந்து தேசத்து மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர் இதனை எளிய விதியாக வகுத்தனர்: 10 கிலோவோல்ட் குறைத்தால் மருந்தையும் நூற்றுக்குப் பத்துக் குறைக்கலாம். 120-இலிருந்து 80-க்கு இறங்கின் மருந்தில் நூற்றுக்கு நாற்பது மிச்சமாம். மெலிந்த உடலினர்க்கு இது மிகப் பொருந்தும். பருத்த உடலைக் கதிர் ஊடுருவ உயர்ந்த அழுத்தம் வேண்டும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயுற்றவன் அளவு, நோயின் அளவு, காலம் என்னும் மூன்றையும் கற்ற மருத்துவன் எண்ணிச் செயற்படல் வேண்டும் என வள்ளுவர் வைத்தார். இது கொண்டு வள்ளுவர் சி.டி. இயந்திரத்தை முன்னரே அறிந்தார் என மேடையில் முழங்குதல் தகாது. கருவி வேறு, காலம் வேறு. நெறி ஒன்றே நிலைத்தது: நோயாளியை அளந்த பின்னரே மருந்தை அளக்க வேண்டும்.

சிக்கனமும் இதில் அடங்கியுள்ளது. 2022-ஆம் ஆண்டில் தொற்றுநோய்த் தடையால் சீன தேசத்துச் சாங்காய் நகரில் ஒரு தொழிற்சாலை மூடப்பட்டது. அதனால் அமெரிக்கா முதலிய தேசங்களில் சாய மருந்துக்குப் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. ஒருவர்க்கு மிகையாகச் சென்றது மற்றொருவர்க்கு இல்லையாயிற்று என்பதை அன்று பலரும் உணர்ந்தனர்.

அன்பர்களே! இவற்றால் அஞ்சி, வேண்டிய பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். சிறுநீரகம் நன்னிலையில் உள்ளார்க்கு இம்மருந்தால் வரும் தீங்கு முன்பு எண்ணியதினும் குறைவென்றே இன்று கருதுகின்றனர். நிமிடத்திற்கு வடிக்கும் திறன் 30 மில்லிலிட்டருக்குக் கீழ்ப்பட்டோரே பெரிதும் கவனிக்கத்தக்கவர்.

நம் கடமை சிலவே. எடையை அன்றே நிறுத்து உண்மையாகச் சொல்லுக. சிறுநீரக நோய், சர்க்கரை நோய்க்கு உண்ணும் மெட்பார்மின் மாத்திரை, கழுத்திலுள்ள தைராய்டுக் கோளாறு, முன்பு சாய மருந்தால் நேர்ந்த ஒவ்வாமை ஆகியவற்றை மறையாது உரைக்க. மீனும் நண்டும் ஒவ்வாதவர்க்கு இம்மருந்தும் ஒவ்வாது என்பது வெறும் வதந்தி, அதனை நம்பற்க. "எம் எடைக்கு எவ்வளவு மருந்து?" என்று பணிவுடன் கேட்க. கேட்பது அவமதிப்பு ஆகாது. நம் பெண்மக்கள் எடையைச் சொல்ல நாணுவதும், முதியோர் நோயை மறைப்பதும் இனி வேண்டா.

எம் தமக்கையாரின் படம் முதல் முறையிலேயே தெளிவாக வந்தது. ஒரு குழாயில் சிறிது சுருக்கம் தெரிந்தது. மாத்திரையோடு நலமாக இருக்கின்றார். அன்று எம் எழுத்தை நம்பாது தராசை நம்பிய அப்பணிப்பெண்ணுக்கு இவ்வவையில் எம் நன்றியைத் தெரிவித்து அமைகின்றோம்.