மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு கையைக் கவனியுங்கள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



புற்றுநோய்க்காக மார்பை எடுத்துவிட்டால் "கண்டம் தாண்டியாச்சு" என்று இருந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு சிலருக்குக் கை வீங்குகிறது. அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம்.

இது ஏன் வருதுங்க? அக்குளில் நெறிக்கட்டிகள் இருக்கு. கையில் ஊறும் நிணநீர் அது வழியாகத்தான் திரும்பணும். ஆபரேஷனில் அதையும் சேர்த்து எடுத்தாலோ, அந்த இடத்தில் 'கரண்ட்' வைத்தாலோ, வாய்க்கால் அடைத்த மாதிரி நீர் கையிலேயே தேங்கிவிடும். எல்லோருக்கும் வராது. ஆனால் சில மாதத்திலும் வரலாம், பல வருசம் கழித்தும் வரலாம்.

வளையல் இறுகும், ஜாக்கெட் கை பிடிக்கும், கை கனக்கும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அக்காவுக்கு வளையலை வெட்டித்தான் எடுத்தாங்க. "உடம்பு போட்டிருக்கு" என்று விட்டுடாதீங்க. ஆரம்பத்திலேயே காட்டினால் கட்டுப்படுத்தலாம். விட்டால் தோல் தடித்து, வீக்கம் நிரந்தரமாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை:

* டாக்டர் சொன்ன கைப்பயிற்சியை விடாதீங்க. பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகி, தலை சீவக்கூட முடியாது. வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க.
* புல் அறுக்கும்போது கையுறை போடுங்க. மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றாதீங்க. தையலில் ஊசி குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க.
* ரத்தம் எடுக்க, ஊசி போட மறு கையைக் காட்டுங்க.
* எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதோ, சூடான ஒத்தடமோ வேண்டாம்.
* கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்க.

வீக்கத்துக்கு அழுத்த உறை உண்டு. ஆனால் அளவெடுத்துத்தான் போடணும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பிசியோதெரபி பிரிவில் காட்டலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. நம்மைப் போன்ற குழுப் பெண்களே அதில் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்க.

கடைசியாக ஒன்று. ஆபரேஷன் செய்த உறுப்பினர் கூட்டத்துக்கு வராமல் இருந்தால் நாம் போய்த் தவணையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறோம். கை வீங்கினால் பால் கறக்க முடியாது, தைக்க முடியாது, அப்புறம் தவணை எப்படிங்க வரும்? அடுத்த முறை, "கை எப்படி இருக்குதுங்க அக்கா?" என்று முதலில் கேளுங்க. தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்க.