படிக்காதவர் பஞ்சாயத்துத் தலைவர் ஆகலாமா?

(வளர்கல்வி மையக் கூட்டம் ஒன்றில் பேசியது)

 

இன்று நான் ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பஞ்சாயத்துத் தலைவர் ஆகலாமா? கூடாதா?

இது நமக்கு நெருக்கமான கேள்வி. நம்மில் பலர் கைநாட்டு வைத்தவர்கள். இன்று கையெழுத்துப் போடுகிறோம். பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் படிக்கிறோம். ஆனால் பள்ளிக்கூடச் சான்றிதழ் நம்மிடம் இல்லை. நம்மைப் பற்றிய இந்தக் கேள்வியைப் பெரிய பெரிய இடங்களில் பேசியிருக்கிறார்கள். நாமும் பேச வேண்டாமா?

அதனால் இன்று இதை விவாதிப்போம். விவாதம் என்றால் சண்டை என்று பயப்படாதீர்கள். முதலில் நடந்ததைச் சொல்கிறேன். பிறகு நீங்கள் பேசுங்கள்.

எல்லோருக்கும் ஓட்டு வந்த கதை

வெள்ளைக்காரர் ஆட்சியில் எல்லோருக்கும் ஓட்டு இல்லை. சொத்து உள்ளவர், வரி கட்டுபவர், படித்தவர் போன்றவர்களுக்குத்தான் ஓட்டு. ஏழைக்கு ஓட்டு இல்லை. பெண்களில் மிகச் சிலருக்கே ஓட்டு.

1928-ல் சைமன் கமிஷன் இந்தியாவுக்கு வந்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் அதனிடம் வாதாடினார்.

1946 டிசம்பர் 9 அன்று டில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியது. நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதுவது அதன் வேலை. ஏறக்குறைய மூன்று வருஷம் அந்த வேலை நடந்தது. ஒருவர் ஒன்று சொல்வார். இன்னொருவர் அதை மறுப்பார். வேறொருவர் திருத்தம் கொடுப்பார். இப்படிப் பேசிப் பேசித்தான் சட்டம் உருவானது. 21 வயது நிறைந்த எல்லோருக்கும் ஓட்டு என்று முடிவாயிற்று. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இல்லை. ஆண், பெண் என்ற பேதமும் இல்லை. 1989-ல் ஓட்டுப் போடும் வயது 18 ஆனது.

1951 கணக்குப்படி நம் நாட்டில் நூற்றுக்கு 18 பேருக்குத்தான் எழுத்து தெரியும். பெண்களில் நூற்றுக்கு 9 பேர்தான். இவர்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று பலர் சந்தேகப்பட்டார்கள்.

அதற்கு ஒரு வழி கண்டார்கள். அதுதான் சின்னம். முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் நடந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்தார்கள். பெட்டியின் மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். பிடித்தவருடைய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். பட்டியலில் 17 கோடிக்கு மேல் பெயர்கள் இருந்தன. எழுத்து தெரியாத மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

ஆனால் ஒரு குறையும் நடந்தது. வடக்கே பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய அம்மா" என்று மட்டும் சொன்னார்கள். பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று தேர்தல் கமிஷன் சொல்லிவிட்டது. சுமார் 28 லட்சம் பெண்களுக்கு இப்படி ஓட்டு இல்லாமல் போயிற்று.

அன்றே இருந்த மாற்றுக் கருத்து

ஓட்டுப் போடப் படிப்பு வேண்டாம். சரி. ஆட்சி செய்யப் படிப்பு வேண்டாமா?

1949 நவம்பர் 26 அன்று அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். அன்று சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத் பேசினார். சட்டசபை உறுப்பினர்களுக்கு ஏதாவது தகுதி வைத்திருக்கலாம், அது இல்லையே என்று வருத்தப்பட்டார். ஆனாலும் சபையின் முடிவை ஏற்றுக்கொண்டார். அந்தச் சட்டத்தின்படியே நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனார்.

இன்றுவரை எம்.எல்.ஏ. ஆகவோ, எம்.பி. ஆகவோ படிப்புத் தகுதி கிடையாது.

ராஜஸ்தானும் ஹரியானாவும்

1993-ல் பஞ்சாயத்துக்கான 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று அது சொன்னது. பள்ளிக்குப் போகாத பல பெண்கள் பஞ்சாயத்துப் பதவிக்கு வந்தார்கள்.

2014 டிசம்பரில் ராஜஸ்தான் அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டது. பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நிற்க எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும். பழங்குடிப் பகுதியில் ஐந்தாம் வகுப்பு. அடுத்த மாதமே தேர்தல்!

2015-ல் ஹரியானாவும் இப்படிச் சட்டம் செய்தது. பொதுவாகப் பத்தாம் வகுப்பு வேண்டும். பெண்களுக்கும் தலித் ஆண்களுக்கும் எட்டாம் வகுப்பு. உறுப்பினராக நிற்கும் தலித் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பு. சிலர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2015 டிசம்பர் 10 அன்று, ஹரியானாவின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

ஆனால் ராஜஸ்தானில் ஆட்சி மாறியது. 2019-ல் படிப்பு விதியை நீக்கிவிட்டார்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்லியிருக்கின்றன.

ஒரு பக்கம்

படிப்பு வேண்டும் என்பவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

பஞ்சாயத்துக்கு இன்று நிறையப் பணம் வருகிறது. தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே போகும். படிக்கத் தெரியாவிட்டால் யாராவது நீட்டிய தாளில் கையெழுத்துப் போட நேரும். லாபம் காண்ட்ராக்டருக்கு. வழக்கு தலைவர் மேல். பெண் தலைவராக இருந்தால் கணவரே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். வாத்தியார் வேலைக்குத் தகுதி கேட்கிறோம். தலைவருக்குக் கேட்டால் என்ன தப்பு?

மறு பக்கம்

படிப்பு விதி கூடாது என்பவர்கள் சொல்வது இது.

ஒருவர் படிக்காமல் போனது யார் குற்றம்? ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. வீட்டில் காசு இல்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளையை நிறுத்தினார்கள். அன்று படிப்பு கிடைக்கவில்லை. இன்று அதற்காகப் பதவியும் கிடையாதா? விதி வந்தால் அதிகம் விலக்கப்படுபவர்கள் பெண்கள், தலித்துகள், பழங்குடிகள், ஏழைகள். எம்.பி.க்கு வேண்டாத படிப்பு பஞ்சாயத்துக்கு மட்டும் ஏன்? சிறு வயதிலேயே பள்ளியை விட்ட காமராஜர் முதலமைச்சர் ஆனார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். யார் நல்லவர், யார் கெட்டிக்காரர் என்று ஊர் மக்களுக்குத் தெரியாதா?

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். படிப்பை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அதைக் காட்டிக் கதவை மூடக் கூடாது. ஆனால் முதல் பக்கம் சொல்லும் ஆபத்தும் உண்மைதான். படிக்காமல் கையெழுத்துப் போடுவது ஆபத்து. அதனால் தலைவர் ஆனவருக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தர வேண்டும். வரவு செலவை ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். இது என் கருத்து. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள்.

எப்படி விவாதிப்பது?

வட்டமாக உட்காருங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கேளுங்கள். பேசாமல் இருக்கும் அக்காவையும் பேசச் சொல்லுங்கள்.

நடந்த செய்தி வேறு. கருத்து வேறு. "ராஜஸ்தானில் 2019-ல் விதியை நீக்கினார்கள்" என்பது செய்தி. "நீக்கியது நல்லது" என்பது கருத்து. செய்தி என்று யாராவது சொன்னால், "எங்கே படித்தீர்கள்? யார் சொன்னார்கள்?" என்று கேளுங்கள். செல்போனில் வந்தது என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஆளைத் தாக்காதீர்கள். "நீ எந்தச் சாதி? நீ எந்தக் கட்சி? உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால் விவாதம் அங்கேயே நின்றுவிடும். அவர் சொன்னது சரியா, தப்பா என்று மட்டும் பாருங்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கம் மாறிப் பேசிப் பாருங்கள். "வேண்டும்" என்றவர் "வேண்டாம்" என்று பேசட்டும். அப்போதுதான் மற்றவர் மனசு புரியும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கிராம சபையில் பேச எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஊரின் ஓட்டர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஹரியானாவில் தேர்தலில் நிற்க முடியாத ஒரு பெண்கூட கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்கலாம். அந்த உரிமை நமக்கும் உண்டு. அடுத்த கிராம சபைக்குப் போங்கள். இரண்டு பேராகச் சேர்ந்து போங்கள். உங்கள் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்குங்கள்.



பேசிப் பார்ப்போம்

1. பஞ்சாயத்துத் தலைவருக்கு எந்தத் தகுதி மிக அவசியம்? ஏன்?

2. 28 லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாததற்கு என்ன காரணம் இருக்கும்?

3. ஹரியானா செய்தது சரியா, ராஜஸ்தான் கடைசியில் செய்தது சரியா? இரண்டு குழுவாகப் பிரிந்து பேசுங்கள்.

4. நம் ஊர்க் கிராம சபையில் நீங்கள் கேட்க விரும்பும் ஒரு கேள்வியை எழுதுங்கள்.