பழைய துப்பாக்கிக் குழலில் இறுகிய ஈயம்

பழைய துப்பாக்கியின் குழலை அடைத்துக்கொண்டிருக்கும் உலோகத்தை எடுக்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதற்குப் பின்னால் வெடிமருந்து இருக்கிறதா என்பதைத்தான். அடைத்திருப்பது என்ன உலோகம், எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலான துப்பாக்கிகள் வாய்வழியாகக் கெட்டிக்கப்பட்டவை. முதலில் கருமருந்து, அதன்மேல் ஈயக்குண்டு; குண்டை நீண்ட தண்டால் மருந்தின்மேல் அழுந்தும் வரை இடித்து இறக்குவார்கள். அப்படிக் கெட்டித்துவிட்டுச் சுடாமலே போட்டுவிட்ட துப்பாக்கிகள் ஏராளம். 1863 ஜூலையில் அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் போர் முடிந்தபின் களத்திலிருந்து பொறுக்கிய 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 24,000 கெட்டித்தபடியே கிடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. பலவற்றில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று குண்டுகள். ஒரே ஒரு துப்பாக்கியில் 23.

கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். ஈரம் படாமல் இருந்தால் இந்தக் கலவை நூறு ஆண்டு கடந்தும் வீரியம் குறையாது. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவுக்குச் சொந்தமான 18-ஆம் நூற்றாண்டுப் பீரங்கி ஒன்றை 2013 ஜனவரியில் துருநீக்கச் சுத்தம் செய்தபோது, உள்ளே குண்டும் முக்கால் கிலோவுக்கு மேல் மருந்தும் இருந்தன. அது பல ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த பீரங்கி. ஆகவே எந்தப் பழைய குழலையும் கெட்டித்த குழலாகவே நினைத்துக் கையாள வேண்டும். அதன் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டுபோகக் கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் முட்டும் வரை விட்டு, வாயோரத்தில் குச்சியின்மேல் ஒரு கோடு போட வேண்டும். பிறகு குச்சியை வெளியே எடுத்து, கோடு வாயோரத்துக்கு நேராக இருக்கும்படி குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குச்சியின் நுனி, தீப்பொறி உள்ளே போகும் துளை வரைக்கும் எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் அந்த இடைவெளியில் மருந்தும் குண்டும் இருக்கின்றன என்று கொள்ளலாம். சில நேரம் அது வெறும் துருவாகவோ குளவிக் கூடாகவோகூட இருக்கும். அளப்பதற்கு இரும்புக் கம்பி ஆகாது, அது பொறி பறக்கவைக்கும்.

இங்கிலாந்தின் 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். 1857 எழுச்சியின்போது கொழுப்புத் தடவிய தோட்டா உறைகளால் இந்திய வரலாற்றில் பேர் பதித்த துப்பாக்கி அதுதான். குழல் 39 அங்குலம். உள்விட்டம் சுமார் 14.7 மில்லிமீட்டர். உட்சுவரில் மூன்று வரிப்பள்ளங்கள் மெல்லத் திருகிக்கொண்டு ஓடி, குழலின் முழு நீளத்துக்குள் சரியாக அரைச் சுற்று சுற்றுகின்றன. ஈயக்குண்டு அந்தப் பள்ளங்களுக்குள் பிதுங்கி உட்கார்ந்திருக்கலாம். சுற்றிலும் மருந்துக் கசடும் துருவும் ஏறிப் பிடித்திருக்கும். காப்பாற்ற வேண்டிய பொருள் அந்த உட்சுவர். குண்டு சிதைந்தாலும் நட்டமில்லை, பள்ளத்தின் விளிம்பு ஒன்று மழுங்கிப்போனால் அதைத் திருப்பிச் செய்ய வழியில்லை.

வேலை தொடங்குவது மருந்தைச் சாகடிப்பதில். தீப்பொறி தரும் கேப்பை மாட்டும் சிறு குழாயான நிப்பிளை மெதுவாகக் கழற்றி, அந்தத் துளை வழியாகத் தண்ணீர் விட்டு நாட்கணக்கில் ஊறவைப்பார்கள். தண்ணீரில் வெடியுப்பு கரைந்து வெளியேறும். ஒரே தடவை நனைத்துவிட்டு நிறுத்தினால் மருந்து உலர்ந்து மறுபடி எரியக்கூடும். அதனால் தண்ணீரைத் திரும்பத் திரும்ப மாற்றுவது அவசியம். அதன்பின் துரு இளக்கும் எண்ணெய். குழலை வாய் மேலாக நிறுத்தி, குண்டின்மேல் நாலு விரற்கடை உயரத்துக்கு எண்ணெய் விட்டு வைத்தால், அது சுவருக்கும் ஈயத்துக்கும் நடுவே மயிரிழை இடுக்குகளில் இறங்கும். நிப்பிள் துளையில் எண்ணெய் கசியத் தொடங்கினால் பிடிப்பு இளகிவிட்டது என்று அர்த்தம். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அவசரப்பட்டவர்கள் கையில்தான் பழைய குழல்கள் பாழாகியிருக்கின்றன.

சூடு காட்டினால் இளகும் என்று பலர் நினைப்பதுண்டு. சூட்டில் ஈயம், எஃகைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் விரியும். ஆகவே குண்டு முன்னைவிட இறுகும். குளிர வைத்தால் எஃகைவிட ஈயம் அதிகம் சுருங்கும். 40 டிகிரி குளிர்ந்தால் இந்தக் குண்டில் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குதான், ஆனால் எண்ணெய் நுழைய அது போதும். ஈயத்தை உருக்கி ஊற்றிவிடலாம் என்ற யோசனையோ இன்னும் மோசம். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும்; அதற்கு வெகு முன்பே ஈயப்பற்று வைத்த பாகங்கள் கழன்று விழும். மருந்து மிச்சமிருந்தால் உயிருக்கே ஆபத்து. பாதரசத்தில் ஈயத்தைக் கரைக்கும் பழைய முறையும் நஞ்சு, அதைத் தொடவே கூடாது.

வெளியே எடுக்க இரண்டு வழிகள். ஒன்று, தண்டின் நுனியில் கூரான திருகாணி பூட்டி, குண்டுக்குள் முறுக்கி இழுப்பது. திருகாணி நடுமையத்திலிருந்து விலகாமலிருக்க, குழலின் உள்விட்டத்துக்குப் பொருத்தமான பித்தளை வளையம் ஒன்று தண்டில் இருக்க வேண்டும். குண்டு பள்ளங்களைத் தொடர்ந்து சுழன்றபடியே வரும் என்பதால் கைப்பிடியும் தாராளமாகச் சுழல வேண்டும். இறுக்கிப் பிடித்தால் திருகு ஈயத்தைப் பிய்த்துக்கொண்டு தனியாக வந்துவிடும்.

மற்றது, பின்னாலிருந்து தள்ளுவது. நிப்பிள் துளையில் தக்க இணைப்பைப் பூட்டி, கிரீஸ் கன் கொண்டு கிரீஸை உள்ளே ஏற்றுவார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ அழுத்தம் சேர்ந்தாலே இந்தக் குண்டின்மேல் ஏறக்குறைய 500 கிலோ விசை விழுகிறது, அதுவும் சுற்றளவு முழுக்கச் சீராக. அமுக்கிய காற்று குண்டைப் பீறிட்டு எறியும். கிரீஸ் அப்படி அமுங்குவதில்லை. குண்டு நகர்ந்ததும் அழுத்தம் விழுந்து அமைதியாகிவிடும். இருக்கிற வழிகளில் குழலுக்குக் குறைந்த கேடு செய்வது இதுதான்.

இரு பக்கமும் திறந்த பிற்காலத் துப்பாக்கிகளில், உதாரணமாக லீ-என்ஃபீல்டில், வலுவில்லாத தோட்டாவின் குண்டு நடுவழியில் நின்றுவிடுவது உண்டு. மருந்துப் பக்கம் காலி என்று உறுதியானதும், உள்விட்டத்தைவிடச் சற்றே மெலிந்த, நுனி தட்டையான பித்தளைத் தண்டை விட்டு, வெளியேறும் தூரம் குறைவான திசையில் சிறு சுத்தியலால் தட்டுவார்கள். மெல்லிய கம்பி ஈயத்தைக் குழித்துப் பக்கவாட்டில் விரிக்கும். மரத்தண்டோ உடைந்து, அதன் சிம்பு குண்டின் ஓரத்தில் ஆப்பாய்ச் செருகிக்கொள்ளும். அடைத்திருப்பது உடைந்த எஃகுத் தண்டு என்றால் கைவேலை போதாது. லேத்தில் மையம் பிடித்துத் துளைக்க வேண்டும், அல்லது மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். இன்னொரு தோட்டா போட்டுச் சுட்டால் அடைப்பு பறந்துவிடும் என்பது குழலை வெடிக்கவைக்கும் யோசனை.

அடைப்பு போனபின், குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உட்சுவரைப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் கருநிழல் வளையம் தெரிந்தால் அங்கே குழல் புடைத்திருக்கிறது. அந்தத் துப்பாக்கியை இனிக் காட்சிக்கு மட்டும்தான் வைக்கலாம். வெளிப்புறத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாலும் மேடு தட்டுப்படும். வெந்நீரால் கசடு கழுவி, ஈரம் முழுக்கப் போகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, வாய் கீழாகச் சாய்த்து வைப்பது நல்லது. மிஞ்சிய எண்ணெய் மரக்கட்டைக்குள் இறங்கி அதை உளுக்கவைக்காது.