மணலை அளந்து பணம் கொடு!



புதுச்சேரிக்கு வடக்கே, நம் பொம்மையார்பாளையத்தில் கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. இயற்கைச் சீற்றம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1980களின் கடைசியில் புதுச்சேரி துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போகும். சுவர் அதை மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே புதுச்சேரியின் கடற்கரையே காணாமல் போனது. அங்கே கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு வைத்திக்குப்பம், சோலைநகர் என்று ஏறி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுத் தந்திராயன்குப்பத்துக்கும் சின்னமுதலியார்சாவடிக்கும் நமக்கும் வந்தது. இங்கேயும் கல், கடலுக்குள் கல்லால் நீட்டும் தூண்டில் வளைவு! ஓர் ஊரில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே இருக்கும் ஊர் அழிகிறது. அந்த ஊரும் வளைவு கேட்டு மனு எழுதுகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீடு இடிகிறவன் வேறென்ன கேட்பான்?

குறை கல் கொட்டும் டெண்டரில் இருக்கிறது. கல் லாரி எடைமேடையில் ஏறுகிறது, எடைச்சீட்டு வருகிறது, அளவுப் புத்தகமான எம்-புக்கில் பதிகிறார்கள், பில் பாஸாகிறது. ஐப்பசி, கார்த்திகை தாண்டிக் கரையில் ஒரு முழம் மணலாவது மிஞ்சியதா என்று அளக்க அந்த எம்-புக்கில் இடம் உண்டா? மணல் வந்தாலும் போனாலும் ஒப்பந்ததாரருக்கு அதே பணம் என்றால் அவர் எதற்கு மணலைப் பற்றிக் கவலைப்படப் போகிறார்?

மணலைத் திரும்பக் கொண்டுவர முடியாதா? முடியும். தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் இரும்புத் தடுப்பை இறக்கிய பிறகு, புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பியது. நகரத்து மக்கள் அங்கே நடக்கிறார்கள், சந்தோஷம். எங்கள் பெண்கள் மீன் காய வைக்கவும், நாங்கள் கரைவலை இழுக்கவும் அதே மணல் வேண்டாமா?

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1960களில் ட்வீட் ஆற்று முகத்துவாரச் சுவர்களை நீட்டினார்கள். வடக்கே கூலங்காட்டா, கிர்ரா கடற்கரைகள் தேய்ந்தன. ஆறு நியூ சவுத் வேல்ஸ் பக்கம், தேய்ந்த கரை குயின்ஸ்லாந்து பக்கம். நம்மைப் போலவே இரண்டு அரசுகள்! 1990களில் அவர்கள் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள், சட்டமும் இயற்றினார்கள். 2001 முதல் ஆற்றுக்கு அடியில் போட்ட குழாய் வழியாக மணலை வடக்கே அனுப்புகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர்! ஒரு தடவை கொட்டிவிட்டுப் போகிற வேலையில்லை அது. ஆண்டு தவறாமல் நடக்கிற வேலை.

புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் ஒரே மேசையில் உட்காரட்டும். துறைமுகச் சுவருக்குத் தெற்கே அடைபட்ட மணலை ஆண்டுதோறும் வடக்கே தள்ள ஒரே ஒப்பந்தம் போடட்டும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மீனவர் பஞ்சாயத்தார் முன்னிலையில் கரையை அளந்து, மணல் நின்றால் மட்டும் பில் பாஸாகட்டும். இதை டெண்டரில் எழுதும்வரை இந்தக் கரையில் ஒரு லாரிக் கல்லையும் இறக்க விடமாட்டோம்!