செய்திப் படங்களின் முகவரியைத் திரட்டிக் காத்தல்
(இளைஞர் பயிற்சிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மலர் தொகுக்க அமர்ந்தோர் எல்லாரும் ஓர் இடர்ப்பாட்டை அறிவர். பழைய புகைப்படங்கள் பெட்டியிலிருந்து வெளிவரும். மேடை தெரியும், மாலை தெரியும், முன்வரிசையில் அமர்ந்த பிள்ளைகளின் முகமும் தெரியும். எந்த ஆண்டு, எந்த ஊர், பேசுகிறவர் யார் என்பதற்கு மட்டும் விடை கிடைக்காது. படத்தின் முதுகில் எவரேனும் பென்சிலால் இரண்டு சொல் எழுதியிருந்தால் அது ஆவணம், எழுதாவிடில் வெறுந்தாள். இன்று செய்திப் படங்கள் தாளில் வருவதினும் இணையத்தில் வருவதே மிகுதி. இணையப் படத்தின் முதுகில் எழுதுவது எங்ஙனம்? அதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

செய்தித் தளங்கள் பலவும் தம் பக்கங்களோடு செய்தியோடை என்னும் கோப்பு ஒன்றையும் வெளியிடுகின்றன. வண்ணமும் விளம்பரமும் இல்லாத பட்டியல் அது. புதிய செய்திகளின் தலைப்பு, இணைப்பு, சுருக்கம், வெளியான நேரம் ஆகியவற்றைக் கணிப்பொறி படித்தறியும் ஒழுங்கில் தருவது. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் இதன் முதல் வடிவை வெளியிட்டது. ஆர்.எஸ்.எஸ். என்பது இதன் பெயர். (நம் நாட்டில் இம்மூன்றெழுத்தைக் கேட்டதும் வேறொன்று நினைவுக்கு வரும், அதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) இன்று பெருவழக்கிலுள்ள 2.0 பதிப்பு 2002-இல் வந்தது. கூகுள் நிறுவனம் தன் ஓடை படிக்கும் சேவையை 2013 ஜூலை முதல் நாளன்று மூடியபோது, இம்முறையே மாண்டது என்றனர் சிலர். மாளவில்லை. பாட்காஸ்ட் என்னும் ஒலித்தொடர்கள் இன்றும் இவ்வோடையின் வழியேதான் நம் கைக்கு வருகின்றன.

ஓடையில் ஒவ்வொரு செய்தியும் ‘ஐட்டம்’ என்னும் குறிக்குள் அடங்கியிருக்கும். தலைப்பும் இணைப்பும் எங்குள்ளன என்பதில் ஐயமில்லை. படம் எங்கே என்பதில்தான் குழப்பம். தொடக்க வடிவில் ஓடை முழுமைக்கும் ஒரு சின்னத்தை வைக்க இடமிருந்தது; செய்திக்குச் செய்தி படம் வைக்க இடமில்லை. ஆகவே பின்வந்தோர் தத்தம் வசதிக்கேற்ப வைத்துக்கொண்டனர்.

சிலர் ‘என்க்ளோஷர்’ குறியில் வைக்கின்றனர். கடிதத்தோடு இணைத்து அனுப்பும் தாளைப் போன்றது அது. முகவரி, பைட்டுகளில் அளவு, கோப்பின் வகை என மூன்று கூறுகள் அதற்கு உண்டு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் அன்றாடப் பட ஓடையில் படத்தை இங்கேதான் காணலாம். ஒலிக்கோப்பும் இதே குறியில் வருமாதலின், வகை ‘இமேஜ்’ என்று தொடங்குகிறதா எனப் பார்த்த பின்னரே எடுத்தல் வேண்டும். வேறு சிலர் 2004-இல் யாஹூ நிறுவனம் வகுத்த ‘மீடியா’ குறிகளைக் கையாளுகின்றனர். பி.பி.சி.யின் ஆங்கிலச் செய்தியோடையில் ‘மீடியா தம்ப்நெயில்’ என்னும் குறியில் படத்தின் முகவரியும் அதன் அகல உயரமும் உள்ளன. ஒரே படம் பல அளவுகளில் தரப்பட்டிருப்பின் அகலம் மிகுந்ததைத் தேர்ந்துகொள்க.

மூன்றாவது வகையே தொல்லை மிக்கது. தனிக்குறி எதுவும் இராது. சுருக்கத்துக்குள்ளேயே எச்.டி.எம்.எல். துண்டு ஒன்று பொதிந்திருக்க, அதற்குள் ‘ஐ.எம்.ஜி.’ குறியின் ‘எஸ்.ஆர்.சி.’ கூறாகப் படமுகவரி ஒளிந்திருக்கும். வேர்டுபிரஸ் மென்பொருளால் நடத்தப்பெறும் சிறு தளங்களில் முழுக் கட்டுரையே இவ்வாறு ஓடைக்குள் வருவதுண்டு. நம் ஊர்ச் செய்திகளை விரிவாகத் தருவன பெரும்பாலும் சிறு தளங்களே ஆதலின், இவ்வகையை நாம் தள்ளிவிட முடியாது. இங்கும் கிட்டாவிடில், செய்திப் பக்கத்துக்கே சென்று அதன் தலைப்பகுதியில் உள்ள ‘ஓஜி இமேஜ்’ குறியைப் பார்க்கலாம். ஃபேஸ்புக் நிறுவனம் 2010-இல் கொணர்ந்த முறை அது. பகிரும் இணைப்போடு படம் தோன்றுவது அதனால்தான்.

இளைஞர்களுள் சிலர் இவற்றையெல்லாம் எழுத்துத் துண்டுகளாக எண்ணி, மேற்கோள் குறியிலிருந்து மேற்கோள் குறிவரை வெட்டியெடுக்கும் நிரல் எழுதத் தொடங்குவர். வேண்டா. ஒரு தளத்தில் ஓடும் நிரல் அடுத்த தளத்தில் விழுந்துவிடும். பைதான் மொழியில் ‘ஃபீட்பார்சர்’ என்னும் இலவச நிரலகம் இருக்கிறது. ஓடையின் பலவகை வடிவங்களையும் அது ஒரே ஒழுங்கில் பிரித்துத் தரும். பொதிந்த துண்டைப் பிரிக்க ‘பியூட்டிஃபுல் சூப்’ உண்டு. அதன் பின்னும் கண் வேண்டும். தளத்தின் பெயரின்றிச் சாய்கோட்டில் தொடங்கும் அரைகுறை முகவரியாயின், முழு முகவரியாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளி அகலமும் ஒரு புள்ளி உயரமும் உள்ள ‘படம்’ வரின், அது படமன்று. படிப்போரை எண்ணுவதற்கு வைத்த ஒற்றுப் புள்ளி. அதை விலக்குக.

இனிச் சேமிப்பு. நம் சங்கம் போன்ற அமைப்புகட்கு எஸ்.கியூ.லைட் போதும் என்பது நம் கருத்து. ரிச்சர்டு ஹிப் என்பார் 2000-இல் வெளியிட்ட தரவுத்தளம் அது. கட்டணமில்லை, தனி வழங்கி வேண்டா, முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. அதில் இரண்டு அட்டவணைகள் அமைத்துக்கொள்வோம். செய்தி அட்டவணையில் தலைப்பு, இணைப்பு, ஓடையின் பெயர், வெளியான நேரம், நாம் எடுத்த நேரம், ‘ஜி.யு.ஐ.டி.’ எனப்படும் செய்தி அடையாளம் ஆகியவை. பட அட்டவணையில் படமுகவரி, படக்குறிப்பு, அகல உயரம், எந்தச் செய்திக்கு உரியது என்னும் எண். ஓடையில் அதே செய்தி மறுநாளும் இருக்கும்; ஆகவே செய்தி அடையாளமும், செய்தி எண்ணும் படமுகவரியும் சேர்ந்த இணையும் இருமுறை வரலாகாது என்று அட்டவணையிலேயே விதித்துவிட வேண்டும். தலைப்பைக் கட்டளையோடு ஒட்டி எழுதாமல், கேள்விக்குறி இட்ட இடத்தில் தனியே செலுத்துக. தலைப்பில் ஓர் ஒற்றை மேற்கோள் வந்தாலே ஒட்டி எழுதிய கட்டளை உடையும். தீயோர் அதே வாயிலால் தரவுத்தளத்தினுள் புகவும் கூடும்.

நேரத்தைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். ஓடைகள் பல கிரீன்விச் நேரத்தைத் தருகின்றன. நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஏப்ரல் 14 பிறக்கும் நள்ளிரவில், 12 மணி 15 நிமிடத்துக்கு, அண்ணல் அம்பேத்கர் சிலைக்கு மாலையிடும் படம் வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடையில் அது ஏப்ரல் 13, மாலை 6 மணி 45 நிமிடம் என்றே பதிவாகும். நாளை மட்டும் வெட்டி வைத்தால், பிறந்தநாள் படங்களைத் தேடுகிறவருக்கு அந்தப் படம் அகப்படாது. நேரத்தை அதன் மண்டலக் குறிப்போடு முழுமையாகச் சேமித்து, காட்டும்போது நம் நேரத்துக்கு மாற்றுவதே முறை.

படமுகவரியை மட்டும் தனியே சேர்த்துவைக்கும் நிரல்களையும் கண்டிருக்கிறோம். பத்தாயிரம் முகவரி திரட்டியதாகப் பெருமை பேசலாம், பயன் இல்லை. வெள்ளம், கலவரம், தேர்தல் ஆகிய காலங்களில் பழைய படமொன்று புதிய நிகழ்ச்சியின் படமாகப் பரப்பப்படுவதை யாவரும் அறிவோம். ஓர் ஊரில் குடிசைகள் எரிந்த படத்தை வேறோர் ஊரின் பெயரால் பரப்பினால், மெய்யாக எரிந்த ஊரின் வழக்கும் பொய்யெனத் தள்ளப்பட ஏதுவாகும். அப்போது, ‘இப்படம் இன்ன தளத்தில், இன்ன நாளில், இன்ன செய்தியோடு வந்தது’ என்று எடுத்துக்காட்ட வல்லது செய்தியோடு பிணைத்த பதிவேயாகும்.

முகவரி உள்ளவரை படமும் இருக்கும் என்று நம்பியிருக்கவும் இயலாது. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டு வெளியிட்டது. ஆதலின் இன்றியமையாத படங்களுக்குப் படி ஒன்றும் எடுத்துவைத்தல் நன்று. ஷா-256 என்னும் கணக்கால் அப்படிக்கு ஒரு விரல்ரேகை எடுத்துப் பட அட்டவணையில் எழுதிவிட்டால், பின்னர் ஒரு புள்ளி மாறினாலும் தெரிந்துவிடும். ஆயினும் படி நம்மிடம் இருப்பதால் படம் நம்முடையது ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தையும் காக்கிறது. மலரில் அச்சிட எண்ணினால் உரியவரிடம் இசைவு பெறவேண்டும்.

மற்றொன்று. வன்கொடுமைச் செய்திகளில் சில தளங்கள் பாதிக்கப்பட்டோரின் முகத்தைக் காட்டிவிட்டுப் பிறகு நீக்குவதுண்டு. நம் நிரலோ முதல் வரவிலேயே எடுத்திருக்கும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் படத்தை வெளியிடுவதை 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், அது நம் வீட்டுப் பிள்ளையின் முகம். இத்தகைய படத்தின் படியை அழித்துவிட்டு, ‘காட்டத்தகாதது’ என்னும் குறிப்பைப் பட அட்டவணையில் ஒரு நிரையாக வைக்கவேண்டும். எது காட்டத்தக்கது என்பதை நிரலிடம் விடாமல் சங்கத்தில் மூவர் அமர்ந்து பார்க்கட்டும்.

நிரலை மணிக்கு ஒருமுறை ஓட்டினால் போதும். முன்முறை தளம் தந்த ‘ஈ-டேக்’ அடையாளத்தையும் உடன் அனுப்பினால், மாற்றம் இல்லாதபோது பல தளங்கள் 304 என்னும் எண்ணை மட்டும் விடையாகத் தரும். சிறு தளத்தாரின் செலவும் மிச்சம், நம் செலவும் மிச்சம். மாதந்தோறும் பழைய முகவரிகளைத் தட்டிப் பார்த்து, எவை திறக்கின்றன, எவை 404 என மறைந்தன என்பதை நாளிட்டு எழுதுக. தரவுத்தளக் கோப்பின் படியொன்று நூலகப் பொறுப்பாளரிடமும் மற்றொன்று வேறூரில் ஒருவரிடமும் இருக்கட்டும். கணிப்பொறி அடுத்த அறையில் உள்ளது. ஐயமுள்ளோர் அங்கே வாருங்கள், ஓர் ஓடையைத் திறந்து பார்ப்போம்.